பெரிய எழுத்து இல்லாத மொழியில் ஒரு கேள்வித்தாள்

70 கேள்வித்தாள்கள். ஒவ்வொன்றும் 14 பக்கம், மூலையில் ஒரு ஸ்டேப்ளர் பின். பெட்டி வந்து இறங்கிய அன்று மாலை மேலே இருந்த ஒன்றை எடுத்துப் புரட்டினேன். மூன்றாவது கேள்வியில் 'கெ' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதற்கடுத்த வரியில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், அதன் பக்கத்தில் ஒட்டாத துணைக்கால். மற்ற பக்கங்களையும் பார்த்தேன். எல்லாம் அப்படியே. 70 பிரதியும் குப்பைக்கு.

நடந்தது இதுதான். சிங்கப்பூரில் வாடகை வீடுகளில் இருக்கும் முதியவர்களைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்த ஒரு சின்ன தொண்டு அமைப்பு முடிவு செய்தது. யாரோடு இருக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், மருந்துக்கு எவ்வளவு ஆகிறது, இப்படி. ஆங்கிலத்தில் கேள்விகளை முடித்துவிட்டு, மற்ற மூன்று மொழிகளுக்கும் ஆள் தேடினார்கள். தமிழ் என் தலையில் விழுந்தது. "மொழிபெயர்த்து அந்தந்தப் பெட்டிக்குள் போட்டால் போதும், வடிவமைப்பு ஏற்கெனவே தயார்" என்றார்கள். அந்த 'தயார்' என்ற சொல்லை நம்பியதுதான் முதல் தப்பு.

நான் கொடுத்த வேர்ட் கோப்பில் எழுத்து சரியாகத்தான் இருந்தது. வடிவமைப்பாளர் அதை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியிருக்கிறார். அதில் வழக்கமாக இருக்கும் பத்தி அமைப்பிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. 'வேர்ல்ட் ரெடி' அமைப்பிக்கு மாற்ற வேண்டும். ஒரே ஒரு தேர்வு. அவருக்குத் தமிழ் படிக்க வராது, எனக்கு இன்டிசைன் தெரியாது. வேர்ட் கோப்பைப் பார்த்து 'சரி' சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கும் இப்படி வேலை வந்தால் பிடிஎஃப்பைப் பார்க்காமல் எதற்கும் தலையாட்டாதீர்கள்.

அன்றிலிருந்து ஒரு சோதனை வாக்கியம் வைத்திருக்கிறேன்: 'கொள்ளுப்பேத்தி சௌக்கியமாகப் போய்ப் பொங்கல் செய்து வைத்தாள்.' எழுத்துக்கு இடப்பக்கம் கொம்பு வாங்கும் ஆறு உயிர்க்குறிகளும் இதில் வந்துவிடும். இது ஒழுங்காக அச்சானால் மற்றதெல்லாம் ஆகும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளரிடம் இதைப் படமாகவும் கொடுத்து, "உங்கள் திரையில் இதே மாதிரி தெரிகிறதா?" என்று கேட்டால் போதும்.

மறு அச்சுக்கு முன்னால் எப்படியும் ஒரு முன்சோதனை நடத்திவிடலாம் என்று 12 பிரதியை வீட்டு பிரிண்டரில் எடுத்தோம். எழுத்து உடைந்ததில் கிடைத்த ஒரே நன்மை இது. உடையாமல் இருந்திருந்தால் நேரே களத்துக்குப் போயிருப்போம்; அடுத்துச் சொல்லப் போகும் கூத்தெல்லாம் 70 வீட்டிலும் நடந்திருக்கும்.

முதல் வீடு. பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தொண்டூழியப் பெண் பாட்டியின் எதிரே உட்கார்ந்து படிக்கிறாள். நான் ஓரமாக நின்று பார்க்கிறேன். அந்தப் பெண் நிறுத்தாமல், அதே குரலில், "உங்கள் வீட்டில் சமைப்பது யார், பதில்களைப் படித்துக்காட்ட வேண்டாம், அவராகச் சொன்னதை மட்டும் குறிக்கவும்" என்று முடித்தாள். பாட்டி என்னைப் பார்த்து, "யாரும்மா குறிக்கணும், நானா? எனக்கு எழுத வராதே" என்றார்.

அவள் மேல் தப்பில்லை. ஆங்கிலத் தாளில் கேள்வியாளருக்கான குறிப்புகள் எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. பெரிய எழுத்தில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கக்கூடாது என்பது இந்த வகைக் கணக்கெடுப்புகளில் உலகம் முழுக்க இருக்கிற வழக்கம். தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? மொழிபெயர்த்த கையோடு அந்த வேறுபாடு மறைந்துவிட்டது, எனக்கு உறைக்கவே இல்லை. சாய்வெழுத்தில் போட்டுப் பார்த்தோம், வாடகை வீட்டு விளக்கொளியில் கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறப் பட்டை போட்டோம், நகலெடுத்தபோது பட்டை கறுத்து எழுத்தை விழுங்கியது. கடைசியில் குறிப்புகளை மெல்லிய கோடு போட்ட கட்டத்துக்குள் அடைத்தோம். 'கட்டத்துக்குள் இருப்பதை வாய்விட்டுப் படிக்காதே', அவ்வளவுதான் பயிற்சி.

அடுத்தது 'இல்லை'. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி: அவசரத்துக்கு உதவ யாரும் இல்லாத நிலையில் இருக்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை. நான் அப்படியே, 'அவசரத்துக்குக் கூப்பிட உங்களுக்கு யாரும் இல்லையா?' என்று எழுதியிருந்தேன். ஒரு தாத்தா கையை விரித்து, "இல்லம்மா" என்றார். தொண்டூழியர் 'இல்லை' என்ற கட்டத்தில் குறித்தார். ஆங்கில முறைப்படி அதற்கு அர்த்தம், ஆள் இல்லாத நிலை அவருக்கு இல்லை, அதாவது ஆள் இருக்கிறது! அன்று மாலை 12 தாள்களையும் பரப்பி வைத்துப் பார்த்த திட்டப் பொறுப்பாளர் முகம் மலர்ந்து, "பரவாயில்லையே, இந்தியக் குடும்பங்களில் எல்லோருக்கும் ஆள் இருக்கிறது" என்றார். எனக்குப் பகீரென்றது. ஒவ்வொரு வீட்டிலும் நான் என் காதால் கேட்டிருந்தேன், எத்தனை பேர் கையை விரித்தார்கள் என்று. தமிழில் 'இல்லையா' என்று கேட்டால் 'ஆமா' என்றாலும் ஒன்றுதான், 'இல்லை' என்றாலும் ஒன்றுதான். எதிர்மறைக் கேள்வியைத் தாளிலிருந்தே விரட்டிவிடுங்கள். இப்போது கேள்வி இப்படி: 'அவசரம் என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?' மறுபடி கேட்டபோது அதே தாத்தா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "995." ஆம்புலன்ஸ் எண். அதற்கும் ஒரு குறியீட்டு எண் போட்டோம்.

உறவுமுறைப் பட்டியலில் இன்னொரு குழி. 'மருமகன்' என்று ஒரு குறியீடு, மகளின் கணவர் என்ற பொருளில். ஒரு பாட்டி, "மருமகன்தான் கூட இருக்கான்" என்றார், குறித்தாயிற்று. நாலு பக்கம் தள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வி வந்தது. "கல்யாணமே பண்ணிக்கலையே நான்" என்றார். மருமகன் அவருடைய அண்ணன் மகன். நம் மொழியில் இரண்டும் ஒரே சொல் என்பது எனக்குத் தெரியாதா என்ன? எழுதும்போது தோன்றவில்லை. இப்போது பட்டியலில் உறவுப் பெயரே கிடையாது: 'மகளின் கணவர்', 'உடன்பிறந்தவரின் பிள்ளை' என்று விரித்து எழுதியிருக்கிறோம். பார்க்க நீளம்தான்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஓரறை வீட்டு அங்கிள்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திட்டத்தில் தனியாட்கள் இரண்டு பேருக்கு ஒரு வாடகை வீட்டைச் சேர்த்துக் கொடுப்பார்கள் இல்லையா, அப்படி ஒரு வீடு. நடுவில் ஓர் அலமாரி. இந்தப் பக்கம் தமிழ் அங்கிள், அந்தப் பக்கம் சீன அங்கிள். ஆளுக்கொரு சோற்றுச் சட்டி, ஆளுக்கொரு விசிறி. எங்கள் தாளின் முகப்பில் புளோக் எண், மாடி, வீட்டு எண் மட்டும்தான். ஒரு வீட்டுக்கு ஒரு தாள். ஆக, சீன அங்கிள் தமிழ் அங்கிளின் குடும்பப் பட்டியலில் 'மற்றவை' என்ற உறவாகப் போய் உட்கார்ந்தார். அவருடைய பாலிகிளினிக் செலவும் இவர் கணக்கில் ஏறியது.

சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறை குடும்பம் என்பதற்கு வைத்திருக்கும் வரையறை தெளிவானது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் சாப்பாட்டு ஏற்பாடு தனி என்றால் அது தனிக் குடும்பம். அது தெரியும். அதைக் கேள்வியாக்குவதுதான் பாடு. நான் ரொம்பப் பெருமையாக, 'உங்களோடு ஒரே உலையில் சாப்பிடுபவர் யார் யார்?' என்று எழுதினேன். தமிழ்மணம் கமழ்கிறது அல்லவா? அங்கிள் சிரித்தார். "இங்க யாரு உலை வைக்கிறா? சட்டி இருக்கு, அரிசி வாங்கி ஆறு மாசமாச்சு. மூணு வேளையும் கீழ கோப்பிக்கடைதான்." உலை போய், 'சாப்பாட்டுச் செலவை யாரோடு சேர்ந்து செய்கிறீர்கள்?' வந்தது. முகப்பில் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் 'குடும்பம் 1 / 2' என்று ஒரு சின்னக் கட்டமும் வந்தது. அந்தக் கட்டத்துக்காக மற்ற மூன்று மொழித் தாள்களையும் திருத்த வேண்டியிருந்தது. யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

கேள்வி எண் விஷயம் முழுக்க என் தப்பு. சமையலுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யவும் உதவி தேவையா என்று 22ஆம் கேள்வி. சமையலுக்கு வேண்டும், சுத்தத்துக்கு வேண்டாம் என்றால் எங்கே குறிப்பது? நான் யாரையும் கேட்காமல் தமிழில் 22, 23 என்று இரண்டாகப் பிரித்துவிட்டேன். பிரித்தது சரி. ஆனால் தரவுப் பதிவு ஆங்கில எண்படி. அதன்பின் தமிழ்த்தாள் ஒவ்வொன்றும் ஓர் எண் தள்ளித் தள்ளி ஏறியது. 'இல்லை என்றால் 31க்குச் செல்க' என்ற தாவல் குறிப்பும் தப்பான கேள்விக்குப் போனது. வயது 412 என்று ஒரு பதிவு வரும்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு நாள் மாலை அதற்கே போனது. கேள்வியைப் பிரிக்க வேண்டுமென்றால் எல்லா மொழியிலும் ஒரே நாளில் பிரியுங்கள், அல்லது 22அ, 22ஆ என்று போடுங்கள்.

தாவல் குறிப்பைக் கேள்விக்கு அடியில் போடாதீர்கள், பக்கம் திரும்பினால் மறந்துவிடும். பதில் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அம்புக்குறியும் எண்ணும் இருந்தால் கண் தானாகப் போகும். 'தெரியாது' என்பதற்கு 98 என்று வைத்திருந்தோம். ஒருவருக்கு உண்மையாகவே மருந்துச் செலவு 98 வெள்ளி. பணக் கேள்விகளில் அது இப்போது 9998. அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது, அதை நான் முதல் நாளே அடித்தேன்: 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ, ஆள் இன்னார்தான் என்று மிகத் துல்லியமாக உறுதிசெய்யத் தேவைப்பட்டாலோ ஒழிய அமைப்புகள் அதை வாங்கக்கூடாது. 'மாத வருமானம்' என்று கேட்டால் முதியவர்கள் "ஒண்ணுமில்ல" என்பார்கள். மசேநி (மத்திய சேமநிதி), மகன் கொடுப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சில்வர் சப்போர்ட் உதவித்தொகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வரும். வீட்டில் யாரிடம் கேட்பது என்பதற்கு, அடுத்து யார் பிறந்தநாள் வருகிறதோ அவரிடம் என்று ஒரு சுலப வழி இருக்கிறது. "ஆடி மாசம்னு அம்மா சொல்லும்" என்பவரிடம் அது செல்லாது. 1949இல் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் போட்டுக்கொடுத்த, வீட்டில் யாரிடம் கேட்பது என்று சொல்லும் தேர்வு அட்டவணைக்கே திரும்பினோம். 'கடந்த 12 மாதங்களில்' என்பதைவிட 'போன தீபாவளியிலிருந்து' என்றால் நினைவு வருகிறது. அப்புறம், மாலை ஏழு மணிக்கு எந்த வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். பக்கத்து வீடுகளில் மஃரிப் தொழுகை நேரம்.

மறு அச்சு மூன்று வாரம் கழித்து வந்தது. 14 பக்கம் 16 ஆகியிருந்தது, ஆனால் ஒரு வீட்டுக்கு 55 நிமிடம் ஆனது 35க்கு இறங்கியது. நான் பெட்டியை உடைத்த உடனே கொம்புகளைத்தான் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில். இரண்டு நாள் களத்துக்கும் போயாயிற்று. மூன்றாம் நாள் ஒரு பாட்டி, தொண்டூழியர் செருப்பு மாட்டுகிற நேரத்தில் தாளை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திக் கடைசிப் பக்கத்தைப் படித்தாராம்.

"யாரும்மா இந்தக் கொள்ளுப்பேத்தி? எதுக்குப் பொங்கல் வச்சா?"

வடிவமைப்பாளருக்குக் கொடுத்த சோதனை வாக்கியம், 70 தாளிலும், நன்றியுரைக்குக் கீழே, அழகாக அச்சாகியிருந்தது.