ரோ நொதிகள்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3
புற்றுச்செல் இடம்பெயர, முதலில் அதன் உருவம் மாற வேண்டும். ரோ குடும்ப நொதிகளில் ரோ-ஏ செல்லின் பின்பகுதியைச் சுருக்கும். ரேக்-1 முன்விளிம்பை விரிக்கும். மொத்த ரோ-ஏ அளவை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பார்த்து முடிவு கட்டுவோர் இன்னும் உண்டு. அது போதாது. குவானோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும் வரை நொதி சும்மா கிடக்கும். அதன் இடத்தில் குவானோசின் டிரைபாஸ்பேட் ஏறினால்தான் வேலை. அப்படி இயங்கும் பங்கு மிகச் சிறிது.

மார்ச் 5
அந்தப் பங்கைப் பிடிக்க ரோட்டெக்கின் மணிகள்: இயங்கும் ரோ-ஏவை மட்டும் பற்றும் புரதம் பூசிய நுண்மணிகள். (ரேக்-1க்கு இவை உதவா, பாக் என்ற புரதம் பூசிய மணிகள் வேண்டும்.) இரவு முழுவதும் சீரம் இல்லாத செல்கள், ரோ-ஏவைத் தூண்டும் எல்பிஏ (லைசோபாஸ்பாடிடிக் அமிலம்) 10 மைக்ரோமோலார், 3 நிமிடம். அதன்பின் எல்லாமே ஐஸ் மேல். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கவும். எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவினால், கடைசித் தட்டுக்கு வருவதற்குள் டிரைபாஸ்பேட் பிளந்துபோய் பட்டை மங்கிவிடும். உடனே மணிகளில் ஏற்ற முடியாத லைசேட்டைத் (செல்களை உடைத்த கரைசல்) திரவ நைட்ரஜனில் உறையவைக்கவும்.

நேர்க் கட்டுப்பாட்டை (பட்டை கட்டாயம் தெரிய வேண்டிய ஒப்பீட்டு மாதிரி) தவிர்க்கக் கூடாது: லைசேட்டில் ஈடிடிஏ 10 மில்லிமோலார், எளிதில் பிளவுபடாத காமா-தயோ குவானோசின் டிரைபாஸ்பேட் 0.1 மில்லிமோலார், 30 டிகிரியில் 15 நிமிடம். மெக்னீசியம் குளோரைடு 60 மில்லிமோலார் சேர்த்து நிறுத்தவும். ஈடிடிஏ மெக்னீசியத்தைப் பறிப்பதால் பழைய நியூக்ளியோடைடு கழன்று புதியது ஏறும். மெக்னீசியம் அதைப் பூட்டும். இதிலும் பட்டை தெரியாவிட்டால் செல்லைக் குறை சொல்ல வேண்டாம், மணிகளைப் பாருங்கள்.

மார்ச் 9
ரோ-ஏ ஏவும் ரோ-கைனேஸ் நொதிக்குத் தடுப்பான் ஒய்-27632, 10 மைக்ரோமோலார். செல்லைச் சுருக்கும் மயோசின் புரதத்தின் லேசான சங்கிலியில் 19-ஆம் செரீனில் பாஸ்பேட் குறைந்ததா என்று சரிபார்த்த பிறகே நகர்வை அளக்கவும். இந்த மருந்து பிஆர்கே-2 என்ற வேறொரு கைனேஸையும் தடுக்கும். ஆகவே ரோ-கைனேஸை மட்டும் அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கட்டுப்பாடும் தேவை.

இந்த மருந்து இட்டால், முப்பரிமாணக் கொலாஜனில் உருண்டையாக நெளிந்து செல்லும் செல்கள் நின்றுவிடும். நீண்ட வடிவில், புரதப்பிளப்பு நொதிகளால் வழி வெட்டிப் போகிறவை தொடரும். அந்த நொதிகளைத் தடுத்தாலோ, சில செல்கள் உருண்டு மறுவழி பிடிக்கும். வெறும் பிளாஸ்டிக் தட்டில் இந்தத் தாவல் தெரிவதில்லை.

மார்ச் 12
ரோ கூடினால் புற்று என்ற சூத்திரம் எல்லாப் புற்றுக்கும் பொருந்திவிடாது. மெலனோமா என்ற தோல் புற்றில் 2012-இல் அறியப்பட்ட ரேக்-1 பி29எஸ் (29-ஆம் அமினோ அமிலம் மாறிய வடிவம்) டைபாஸ்பேட்டை வேகமாக விடுவித்து, தானாகவே இயங்கும் நிலைக்குப் போகிறது. ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் டி-செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றில் அடிக்கடி காணும் ரோ-ஏ ஜி17வி (17-ஆம் அமினோ அமிலம் மாறியது) நேர்மாறு: டிரைபாஸ்பேட் ஏறவே ஏறாது, ஏற்றிவிடும் புரதங்களையும் அது சிறைப்பிடிக்கும். அங்கே ரோ-ஏ தடுப்பானுக்கு வேலையே இல்லை.