பின்னுக்கு எந்த முலாம்?

அம்பத்தூர் பிளேட்டிங் ஷாப்புகளுக்கு வரும் மின் கனெக்டர் பின், சாக்கெட் டிராயிங்குகளில் ‘டின் பிளேட்டிங்’ (வெள்ளீய முலாம்) என்ற ஒற்றை வரியோடு முடிபவை ஏராளம். எத்தனை மைக்ரான் தடிமன், அடியில் என்ன உலோகம் என்பதெல்லாம் இருக்காது. டெர்மினல், அதாவது அந்தப் பின்னோ சாக்கெட்டோ, பித்தளையாக இருந்துவிட்டால் வம்புதான். பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்ல டின்னைத் துளைத்து மேலே வந்து ஆக்சைடாகும், பிறகு அதில் சால்டர் பிடிக்காது. அடியில் 1.5 மைக்ரான் அளவுக்கு நிக்கல் போட்டால் அது தடுப்பாக நிற்கும்.

டின்னா தங்கமா என்று விலையைப் பார்ப்பதற்கு முன், அந்த இணைப்பில் ஓடுவது என்ன என்று பார்க்க வேண்டும். டின்மேல் எப்போதும் மெல்லிய, கடினமான ஆக்சைடுப் படலம் உண்டு. செருகும்போது அது உடைய, தொடுபுள்ளியில் சுமார் 1 நியூட்டன், அதாவது 100 கிராம் அழுத்தம் வேண்டும். சென்சார் சிக்னல் மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கும், அந்தப் படலத்தைத் துளைக்க அதற்குச் சக்தி கிடையாது. அங்கே தங்கம்தான். 12 வோல்ட் ஃபேன் மோட்டாருக்குத் தங்கம் கேட்பது ஊதாரித்தனம்.

டின் அதிகம் அடிவாங்குவது அதிர்வு போன்ற சிறு அசைவுகளில்தான். பகல் வெயிலில் சூடாகி இரவில் ஆறும்போது பின் சில பத்து மைக்ரான் நகர்ந்தாலும் போதும். ஒவ்வொரு அசைவிலும் புது டின் வெளிப்பட்டு ஆக்சைடாகி, கருப்புத் தூளாகச் சேரும். சில மில்லியோமாக இருந்த ரெசிஸ்டன்ஸ் ஓம் கணக்கில் ஏறிவிடும். கழற்றி மாட்டினால் தூள் விலகி எல்லாம் சரியாகிவிடும் என்பதால், சர்வீஸில் ‘பழுது இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். கழற்றுவதற்கு முன்பே நாலு வயர் முறையில் (கரன்ட் செலுத்த இரண்டு, வோல்டேஜ் அளக்க இரண்டு), 20 மில்லிவோல்ட்டைத் தாண்டாமல் அளந்தால்தான் உண்மை தெரியும். சாதாரண மல்டிமீட்டரின் வோல்டேஜே படலத்தை உடைத்து ‘நல்லது’ என்று காட்டிவிடக்கூடும்.

பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் பின்னை ஒருவரிடமும் சாக்கெட்டை இன்னொருவரிடமும் வாங்கி, தங்கமும் டின்னும் ஜோடி சேர்ந்துவிடுவது இன்னொரு வினை. டின் தங்கத்தின்மேல் ஒட்டி, அங்கே ஆக்சைடாகும். தங்கத்துக்கு அடியிலிருக்கும் நிக்கல் கெட்டியானது என்பதால் அந்தப் படலம் எளிதில் உடையாது.

தங்கத்துக்கு 0.76 மைக்ரானும் அடியில் 1.3 மைக்ரானுக்குக் குறையாத நிக்கலும் நம்பகமான அளவு. 0.1 மைக்ரான் ‘ஃபிளாஷ்’ எனும் மிக மெல்லிய பூச்சு பார்க்க மஞ்சளாகத்தான் இருக்கும், ஆனால் நுண்துளைகள் நிறைய. எண்ணூர் கடற்காற்றுக்கு அது தாங்காது.

வெள்ளி வேறு கதை. கூவம் ஓரத்திலும் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்களிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடில் அது கருக்கும். உப்புநீர் தெளித்துச் சோதிக்கும் சால்ட் ஸ்ப்ரே ரிப்போர்ட்டைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. அந்தச் சேம்பரில் இருப்பது 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசல்தான், கந்தகம் துளியும் கிடையாது. அதிக கரன்ட் ஓடும், போல்ட் போட்டு இறுக்கிய இணைப்பென்றால் வெள்ளி இருக்கலாம். சிறு சிக்னலுக்கு வேண்டாம்.

எஞ்சின் பக்கத்துச் சூட்டில் பித்தளையின் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் போய்விடும், அங்கே பாஸ்பர் பிரான்ஸ் என்ற செம்புக் கலவை கேளுங்கள். சூடு இன்னும் அதிகமென்றால் பெரிலியம் காப்பர்.

சாக்கெட்டை பேரலில், அதாவது சுழலும் பீப்பாயில், போட்டு முலாம் பூசினால் துளைக்குள் தடிமன் குறைவாகவே ஏறும். எக்ஸ்ரே மீட்டர் வெளிப்புறத்தில் காட்டும் எண்ணை நம்பாமல், சாம்பிள் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, பின் தொடும் இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். அளக்க வேண்டிய புள்ளியை டிராயிங்கிலேயே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.