கடுதாசிப் பட்டறையிலிருந்து லைப்சிக்: இரண்டாம் முறை கிடைத்த உதவித்தொகை

ஹைதராபாத்தில் ஜெர்மன் மொழியும் இலக்கியமும் படிக்கிறேன் என்று பொறையாறில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "அப்ப ஜெர்மனிக்கு எப்பம்மா போற?" என்ஜினியரிங் முடித்துவிட்டு ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலை ஜெர்மன் படித்த பிள்ளைகளே விமானம் ஏறிக்கொண்டிருக்கும்போது, அந்த மொழியையே பாடமாக எடுத்தவள் பொங்கலுக்குப் பொங்கல் தெருவில் நின்றால் கேட்கத்தான் செய்வார்கள். எனக்கே அந்தக் கேள்வி இருந்தது.

மொழி படிப்பவர்களுக்கு வழிகள் குறைவு. இந்திய மாணவர்களுக்கு ஜெர்மன் ஆய்வுக்கூடங்களில் இன்டர்ன்ஷிப் தரும் 'வைஸ்' திட்டம் அறிவியல், பொறியியல் பிள்ளைகளுக்கானது. பதிப்பகத்திலோ நாடக அரங்கிலோ இன்டர்ன்ஷிப் வேண்டுமென்றால் நாமே எழுதிக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் கைக்காசில் இருக்கவும் வேண்டும். நான் இரண்டு பதிப்பகங்களுக்கு எழுதினேன். ஒன்று மரியாதையாக முடியாது என்றது, மற்றொன்று இன்னும் பதில் போடவில்லை. கடைசியில் எனக்குப் பொருந்தியது டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற சேவையின் கோடைப் படிப்பு உதவித்தொகைதான். நான் விண்ணப்பித்த காலத்து விதிப்படி, மூன்று நான்கு வாரம் ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியோ இலக்கியமோ நாட்டு வரலாறோ படிக்கலாம். ஒரு மொத்தத் தொகையும் பயணத்துக்கு ஒரு தொகையும் தருவார்கள். பி.ஏ. மாணவர் என்றால், படிப்பு தொடங்கும்போது கல்லூரியில் இரண்டு வருடமாவது முடித்திருக்க வேண்டும்.

முதல் முறை, லைப்சிக் என்ற ஜெர்மன் நகரில் நடக்கும் படிப்புக்காக விண்ணப்பித்தது 2022 நவம்பரில், பி.ஏ. மூன்றாம் ஆண்டில். அந்தக் கடிதத்தை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கவிஞர்கள் கதேயும் ஷில்லரும் நடந்த மண், ஐரோப்பாவின் இதயம், பண்பாடுகளுக்கிடையே பாலம். எல்லாம் இருந்தது, இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அடுத்த மார்ச்சில் வருத்தத்துடன் ஒரு மின்னஞ்சல் வந்தது. காரணம் சொல்ல மாட்டார்கள். போட்டி அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் எம்.ஏ. சேர்ந்த பிறகு, பரிந்துரைக் கடிதம் கேட்டு எங்கள் ஜெர்மன் மேடத்திடம் போனேன். "முதலில் உன் கடிதத்தைக் காட்டு" என்றார். படித்தார். பேனாவை எடுக்கவில்லை. "இதில் லைப்சிக் என்ற வார்த்தையை அழித்துவிட்டு மூனிக் என்று எழுதினால் எந்த வரி உடையும்?" என்று கேட்டார். நான் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எந்த வரியும் உடையவில்லை. "உடையட்டும், அப்புறம் வா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோதும் இதே யோசனை. தரங்கம்பாடி எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் அங்கே வந்து இறங்கினார் என்பதும், 1719-இல் இறந்து அங்கேயே அடக்கமானார் என்பதும் பள்ளிச் சுற்றுலாவில் கேட்ட கதை. அவர் படித்ததும், அவருக்கு ஆதரவு வந்ததும் ஹாலே என்ற ஜெர்மன் ஊரிலிருந்து. அவருடைய அச்சகத்துக்கு முதல் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது அங்கேதான். அவை பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாவின் ஈயத்தை உருக்கினார்கள் என்றும் சொல்வார்கள். காகிதத்துக்கும் ஓர் ஆலை வைத்தார்கள், பொறையாறில். எங்கள் ஊரில் கடுதாசிப் பட்டறை என்று ஓர் இடம் இருக்கிறது. பஸ்ஸிலும் சைக்கிளிலும் அதைத் தாண்டித்தான் வளர்ந்தேன். எதற்கு அந்தப் பெயர் என்று இருபத்திரண்டு வயதுவரை நான் யாரையும் கேட்டதில்லை.

இங்கிருந்து போன கடிதங்களும் அறிக்கைகளும் ஹாலேயில் 1710 முதல் அச்சாகி வந்தன. இன்று அவை இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. திறந்து பார்த்தேன். பழைய ஃபிராக்டூர் எழுத்து. அதில் 's'-ம் 'f'-ம் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி இருக்கும். என் ஊரைப் பற்றி, நான் படிக்கும் மொழியில் எழுதிய புத்தகம், ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அதைத்தான் எழுதினேன். கடுதாசிப் பட்டறையில் தொடங்கி, முக்கால் மணி நேரத்தைச் சொல்லி, 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனைச் சரளமாகப் படிக்க வேண்டும், லைப்சிக்கிலிருந்து ஹாலே ரயிலில் கொஞ்ச நேரம்தான், வாரக் கடைசியில் போய் வருவேன் என்று முடித்தேன். மேடம் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினார்.

மற்ற காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேபன்ஸ்லாவுஃப் என்கிற வாழ்க்கைக் குறிப்பை அட்டவணையாக எழுத வேண்டும். நம்மூர் பயோடேட்டா பழக்கத்தில் அப்பா பெயர், மதம், "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" எல்லாம் போடக்கூடாது. பரிந்துரைக்கான படிவத்தை டி.ஏ.ஏ.டி.யின் விண்ணப்பப் போர்ட்டலில் நாம்தான் உருவாக்கி ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். அவர் நிரப்பி அவரே ஏற்றுவார். கெடு டிசம்பர் தொடக்கம் என்றால் அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள். செமஸ்டர் தாள் திருத்தும் நேரத்தில் போய் நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

மொழிச் சான்றுக்கு ஆன்செட் என்ற கணினித் தேர்வு எழுதினேன். எட்டு சின்னப் பத்திகள், ஒவ்வொன்றிலும் இருபது இடம் காலி, பத்திக்கு ஐந்து நிமிடம். சும்மா கோடிட்ட இடம் அல்ல. வார்த்தையின் பின்பாதியை அறுத்து எடுத்துவிடுவார்கள். தமிழில் வைத்தால் இப்படி இருக்கும்: "அவள் கடைக்__ போய்ப் பா__ வாங்கி__ வந்தாள்." சுலபம் போலத் தோன்றும். ஆனால் ஜெர்மனில் வேற்றுமை காட்டுவது பெரும்பாலும் அந்த வாலில்தான். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சின்னச் சொற்களான 'டெர்', 'டென்', 'டெம்', 'டாஸ்' எல்லாவற்றிலும் முதல் எழுத்து மட்டும் நிற்கும். மீதியை வாக்கியம்தான் சொல்ல வேண்டும். எட்டு வேற்றுமையோடு பிறந்தவளுக்கு நாலு வேற்றுமை என்ன பிரமாதம் என்று நினைத்துப் போனேன். ஐந்தாவது பத்தியில் காற்றாலை பற்றி ஏதோ வந்தது, அதில் ஆறு இடத்தை அப்படியே விட்டேன். எப்படியோ பி2, அதாவது நடுத்தரத்துக்கு மேலான நிலை, வந்தது. ஒரு யோசனை: தெரியாத இடத்தில் நிற்காமல் பத்தியை முழுக்க ஒரு தடவை படித்துவிடுங்கள். முதல் பத்திகள்தான் எளிது, போகப் போகக் கடினமாகும்.

எங்கள் பெயர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. மதிப்பெண் பட்டியலில் எனக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். போர்ட்டலில் முதல் முறை இனிஷியலை மட்டும் அடித்து வைத்திருந்தேன். விசா நேரத்தில் கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று வந்தால் விளக்கம் எழுதியே மாளாது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் அடியுங்கள், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

2024 மார்ச் கடைசியில், பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. முதல் வரியில் வாழ்த்து. மூன்று பாடநெறிகளை வரிசைப்படுத்திக் கொடுத்திருந்தேன், முதல் விருப்பமே கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றைக் கோட்டை விட இருந்தேன். உதவித்தொகை கிடைத்தால் பாடநெறியிலும் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது வேறு, இது வேறு. பாடநெறி நடத்துபவர்களிடம் நாமே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சீனியர் அக்கா ஒருவர் போனில் "பதிவு பண்ணிட்டியாடி?" என்று சும்மா கேட்டதால் தப்பித்தேன்.

நாலு வாரம் என்பதால் ஷெங்கன் என்ற குறுகியகால ஐரோப்பிய விசா போதும். முழுப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள் தங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து வாங்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இதற்குத் தேவைப்படவில்லை. சென்னையில் விண்ணப்ப மையத்துக்கு நேரம் கிடைப்பதுதான் பாடு. இரண்டு வாரம் காலை எழுந்ததும் பல் தேய்க்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உதவித்தொகைக் கடிதம் இருந்ததால் விசா கட்டணம் கேட்கவில்லை, சேவைக் கட்டணம் மட்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டுக் காகிதம் பார்த்தார்கள். நான் பொறையாறில் எடுத்துக்கொண்டு போன புகைப்படம் ஆகாது என்றார்கள். முகம் சின்னதாக இருக்கிறதாம். ஊரில் ஸ்டூடியோக்காரர் "கல்யாணத்துக்கும் ஆகும்" என்று சொல்லி எடுத்தது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் வரும் நேரமும் விமானச் சீட்டு மலிவாக இருக்கும் நேரமும் ஒன்றாக வராது. மாமாவிடம் கடன் வாங்கித்தான் சீட்டு எடுத்தேன். தொகையில் பாதிக்கு மேல் பாடநெறிக் கட்டணத்துக்கும் விடுதி அறைக்கும் போய்விடும். மீதியில் நாலு வாரம் ஓட்டலாம், காபி குடிக்கும் கடையைப் பார்த்துக் குடித்தால். மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

லைப்சிக்கில் முதல் நாள் வருகைப் பதிவில் என்னை 'ஃபிராவ்' என்று அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள். அம்மையார் அப்பா. நான் எழுந்து நிற்க ஐந்து நொடி ஆனது. அம்மாவிடம் போனில் சொன்னேன். அன்றைக்கெல்லாம் அப்பாவை வீட்டில் ஃபிராவ் என்றே கூப்பிட்டிருக்கிறார்.

காலையில் வகுப்பு, மதியம் ஊர் சுற்றல். 1989-இல் கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்துத் திங்கட்கிழமை ஊர்வலங்கள் கிளம்பிய நிக்கோலாய் தேவாலயம், பாஹ் இசையமைத்த தோமா தேவாலயம் எல்லாம் நடக்கும் தூரம். அதைப் பற்றி எழுதினால் சுற்றுலாக் கட்டுரை ஆகிவிடும், விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: 2024-இல் மாதம் 49 யூரோவாக இருந்த, நாடு முழுக்க உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் போகும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை எடுத்தேன், அண்ணன் கார்டில். அது டிக்கெட் இல்லை, சந்தா. 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பிடிப்பார்கள். எனக்கு 14-ஆம் தேதி ஞாபகம் வந்தது. செப்டம்பரில் நான் ஹைதராபாத்தில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது அண்ணன் கார்டிலிருந்து கிட்டத்தட்ட 4,500 ரூபாய் போனது. அவன் இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.

அந்த டிக்கெட்டில்தான் இரண்டாவது சனிக்கிழமை ஹாலே போனேன். சீகன்பால்குவுக்கு ஆதரவாக இருந்த ஃபிராங்கே அறக்கட்டளையின் பழைய அநாதை இல்லக் கட்டடம். மேல்மாடியில் கலைப்பொருளும் இயற்கைப் பொருளுமாக நிறைந்த ஓர் அறை, உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. அலமாரி அலமாரியாகக் கண்ணாடிக்குள் சங்கு, பாம்பு, சாமி உருவங்கள். இந்தியாவிலிருந்து போன பொருள்களுக்கு நடுவே ஓலைச்சுவடி. பக்கத்தில் நின்ற வயதான ஜெர்மன் அம்மா நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்து, "உங்களால் இதைப் படிக்க முடியுமா?" என்று கேட்டார். என் மொழிதான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். விளக்கச் சீட்டின் ஜெர்மனைத் தடங்கல் இல்லாமல் படித்தேன். ஓலையில் புள்ளியே இல்லை. க் எது க எது, குறில் எது நெடில் எது என்று தெரியவில்லை, வார்த்தைக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. கண்ணாடியில் மூக்கு ஒட்டும்வரை குனிந்து, ஒரு 'ப', அப்புறம் ஒரு 'ட' என்று கண்டுபிடித்தேன். அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்தார்.