காக்கைக்குச் சோறு வைக்காத அமாவாசை

சிங்கப்பூரில் இறங்கிய மறுநாள் அமாவாசை. அப்பா போனதிலிருந்து அந்த நாளில் காக்கைக்கு வைக்காமல் அம்மா ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஈசூனில் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே வைக்கலாமென்று, தட்டில் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா வாசலிலேயே மறித்தாள்: "வேண்டாம்மா, அபராதம் போடுவாங்க."

போடுவார்கள்தான். வனவிலங்குச் சட்டப்படி 2020 ஜூன் முதல் அங்கே எந்தக் காட்டு விலங்குக்கும் தீனி போடக் கூடாது, புறா, காக்கைக்கும்கூட. முதல் முறைக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மறுபடியும் செய்தால் 10,000 வெள்ளி வரை. அம்மா தட்டை அப்பா படத்தின் முன்னால் வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் நடந்தோம். நீள்வால் குரங்குக் கூட்டம் ஒன்று மரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தது. ஊரில் மலைக்கோயில் படியேறிப் பழகிய அம்மா, பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். ஒரு குரங்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் மலேசியா. கிள்ளானில் சித்தி வீடு. அங்கிருந்து கோலசிலாங்கூர், புக்கிட் மெலாவாத்தி. இந்தக் குன்றில் தீனி கொடுப்பதற்காகவே ஆட்கள் வருகிறார்கள். "அம்மா, பயிற்றங்காய் வாங்கிக்குங்க, லோத்தோங் கடிக்காது" என்றார் கட்டுக்கட்டாக விற்றுக்கொண்டிருந்த பெண். லோத்தோங் என்று அங்கே சொல்வது கருஞ்சாம்பல் நிறக் குரங்குகளை. குட்டிகள் மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு. ஒன்று அம்மாவின் உள்ளங்கையிலிருந்து அவ்வளவு பதவிசாக எடுத்துக்கொண்டது. அம்மா முகத்தில் நாலு நாள் கழித்துச் சிரிப்பு.

ஆனால் பக்கத்திலேயே சிலர் அவற்றுக்கு ரொட்டி கொடுத்தார்கள். லோத்தோங் இலை தின்னி. மாட்டைப் போல அறை அறையான வயிறு. உள்ளே இலை நொதித்துத்தான் செரிக்க வேண்டும். அந்த வயிற்றுக்கு இனிப்பு ரொட்டி ஆகவே ஆகாது. இங்கேயும் இருந்த நீள்வால் குரங்குகளோ கார் நின்றதும் கூரைமேல் தாவின. ஒன்று சின்னப் பையன் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கியது. பையன் வீறிட்டு அழுதான்.

"சிங்கப்பூர்ல இதே குரங்குதானே? அங்க இப்படிப் பறிக்கலையே" என்றார் அம்மா. மனிதர்கள் போட்டுப் போட்டுத்தான் இதற்குப் பயம் விட்டுப்போகிறது. தெருவுக்கு இறங்கி வண்டியில் அடிபடுவதும் அதனால்தான் என்றேன். குரங்கு விஷயத்தில் சிங்கப்பூர் விதிதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காக்கைக்கும் அதுதானா என்று கேட்டால் இன்னும் மனசு ஒப்பவில்லை.

அம்மா மிச்சப் பயிற்றங்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரவு அது சித்தி வீட்டில் பொரியலானது. விடிந்ததும் பின்மதில் மேல் ஒரு பிடி சோறு வைத்தார். கூப்பிடும் முன்பே இரண்டு காக்கைகள் வந்துவிட்டன.