தோல் உள்ளுக்க போட்டுதோ?

எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு மலர்க்குழு அண்ணா மூண்டு தரம் போன் எடுத்திட்டார், நானும் இந்தா இந்தா எண்டு இழுத்துக்கொண்டே வந்தனான். பிக் மட்ச், பிரின்சிப்பலின்ர பிரம்பு, கன்ரீன் வடை எல்லாம் மற்றாக்கள் எழுதிப்போட்டினம். கிரிக்கெட்டில நான் செய்த ஒரே வேலை ஸ்கோர் போர்ட்டில நம்பர்த் தகடு மாத்தினது. அதால எனக்குத் தெரிஞ்ச ஒண்டைப் பற்றித்தான் எழுதுறன், நெற்வேர்க் கேபிள் அடிக்கிறது, அதாவது கொம்பியூட்டர்களை இணைக்கிற வயரின்ர முனையில கொனெக்டர் பூட்டுறது. சிரிக்காதேங்கோ, இண்டைக்கும் ரொறன்ரோவில எனக்குச் சோறு போடுறது அதுதான்.

2003, நாங்கள் ஏ.எல். முதல் வருசம். யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை 2002இல திறந்தாப் பிறகு வெளிநாட்டுச் சங்க அண்ணாமார் காசு சேர்த்து அனுப்பி, கொழும்பில இருந்து லொறியில 12 கொம்பியூட்டர் வந்து இறங்கினது. வந்ததெல்லாம் சந்தோசம்தான், ஆனா பிரின்ரர் ஒண்டே ஒண்டு, அது மூலையில இருக்கிற மெஷினோட மட்டும் கொழுவியிருக்கும், ஒரு பக்கம் பிரின்ற் எடுக்கிறதெண்டாலும் ஃப்ளொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு சங்கக் கடையில மண்ணெண்ணெய்க்கு நிண்ட மாதிரி வரிசையில நிக்கோணும். வயர் இழுத்துத் தர வெளியாக்கள் கேட்ட காசுக்கு இன்னும் ரெண்டு கொம்பியூட்டர் வாங்கலாம் எண்டு சொல்லிப்போட்டு எங்கட கொம்பியூட்டர் சேர் தானே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனார். அவர் உண்மையில கணக்குச் சேர், கோர்ஸ் ஒண்டு செய்திட்டு வந்து லாப்பைப் பொறுப்பெடுத்தவர். திரும்பி வரேக்க கற் 5 கேபிள் பெட்டி ஒண்டு, 305 மீற்றர், கொனெக்டர் 100 இருக்கிற பை ஒண்டு, கொனெக்டரை அமத்துற குறடு, கிரிம்பிங் ரூல் எண்டு சொல்லுறது, ஒண்டு, அடிச்ச கேபிள் சரியோ எண்டு பாக்கிற ரெஸ்ரர் ஒண்டு. ஓமந்தையிலயும் முகமாலையிலயும் இருந்த சோதனைச் சாவடியளில இறங்கி இறங்கி அந்தப் பெட்டியைத் திறந்து காட்டி, இது வெடிக்கிற சாமான் இல்லை, கொம்பியூட்டர் கொம்பியூட்டரோட கதைக்கிற வயர் எண்டு விளங்கப்படுத்தினதைத் தான் ஒரு பாடமாவே எடுக்கலாம் எண்டு சொல்லிச் சிரிப்பார்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. 12 மெஷினுக்கு 24 முனை, லைப்ரரிக்கும் ஒஃபீசுக்கும் போற வயருக்கு இன்னும் கொஞ்சம், பழுதாப் போறதுக்கும் ஒதுக்கோணும். வகுப்பில நாங்கள் 22 பேர். இந்தக் கொனெக்டர் ஒருக்கா அமத்தினா அமத்தினதுதான், பிழைச்சா வெட்டி எறியவேண்டியதுதான். அதால முதல் ரெண்டு கிழமையும் ஒருத்தற்ற கையிலயும் கொனெக்டரே தரேல்லை. வெட்டின துண்டு வயரை வைச்சுத்தான் பழக்கினவர். வெளித்தோலை ரெண்டு அங்குலம் உரி, உள்ளுக்க நாலு சோடி இருக்கும், முறுக்கைப் பிரி, ஒவ்வொரு கம்பியையும் ஸ்குரூ டிரைவரின்ர தண்டில வைச்சு இழுத்து நிமித்து, வரிசையா அடுக்கி பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில இறுக்கிப் பிடி, அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டா வெட்டு. சேர் அடிமட்டத்தோட சுத்தி வருவார். அரை அங்குலத்துக்கு மேல முறுக்குப் பிரிஞ்சிருந்தா வாய் திறக்கமாட்டார், கத்தரிக்கோலை எடுத்து வெட்டிப்போட்டுப் போவார். நகக்கண் நொந்து பின்னேரம் சோறு குழைக்கேலாமல் இருந்த ஞாபகம் இப்பவும் இருக்கு.

நிற வரிசையை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லவேணும். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். ரி568பி எண்ட பேரெல்லாம் நான் இஞ்ச வந்துதான் அறிஞ்சது, எங்களுக்கு அது சேரின்ர வரிசை. ஒரு நண்பனுக்குப் பச்சையும் மண்ணிறமும் ஒரே மாதிரித் தெரியும் எண்டதே அந்தக் கிழமைதான் பிடிபட்டது, அவனுக்கே அதுக்கு முதல் தெரியாது. சேர் அவனைத் தனியக் கூப்பிட்டு, நீ ரெஸ்ரருக்குப் பொறுப்பு எண்டார். பிறகு எங்கட கேபிள் எல்லாம் அவனைத் தாண்டித்தான் போகோணும், பொல்லாத இன்ஸ்பெக்டர்.

மூண்டாம் கிழமை ஆளுக்கொரு கொனெக்டர் கிடைச்சது. கிளிப் கீழ, தங்கப் பல்லு மேல, முதலாவது கம்பி இடப்பக்கம். உள்ளுக்கத் தள்ளினா எட்டுச் செப்பு நுனியும் முன்பக்கத்தால புள்ளி புள்ளியாத் தெரியோணும். கிரிம்பிங் குறட்டை அமத்த முதல் சேர் கேக்கிற ஒரே கேள்வி, "தோல் உள்ளுக்க போட்டுதோ?" வெளித்தோல் கொனெக்டருக்குள்ள போய் அந்தப் பிளாஸ்ரிக் ஆப்புக்குக் கீழ இறுகாட்டி, இழுவை எல்லாம் மெல்லிய கம்பிகளிலதான் விழும், ரெண்டு மாசத்தில கழண்டிடும். பின்வாங்கில இருந்த ஒருத்தன் எட்டுக் கம்பியின்ரயும் தோலைப் பல்லால கடிச்சு உரிச்சுப்போட்டு முகமெல்லாம் சிரிப்போட நிண்டான். அந்தத் தங்கப் பல்லே தோலைக் குத்திக்கொண்டு உள்ளுக்கப் போகும், கம்பியை உரிக்கத் தேவையே இல்லை. அண்டையில இருந்து அவனுக்குப் பட்டம் எலி.

இனி என்ர கதை. லாப்பில இருந்து லைப்ரரிக்கு, விறாந்தைக் கூரையோட ஒரு 60 மீற்றர் வரும், அந்த வயரை நானும் இன்னொருத்தனும் பொறுப்பெடுத்தனாங்கள். ஏணியில நிண்டுகொண்டு எனக்கு ஒரு யோசனை. இந்தப் பச்சைச் சோடியை ஏன் பிரிச்சு நடுவில நீலத்தைப் போடுறாங்கள், அலங்கோலமா இருக்கே, சோடி சோடியாப் பக்கத்தில வைச்சா வடிவா இருக்குமே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வைச்சாச் சரிதானே? வைச்சம். இன்ஸ்பெக்டர் ரெஸ்ரரைப் போட்டான், 1 இல இருந்து 8 வரைக்கும் லைற் ஒழுங்கா எரிஞ்சுது. சேர், சரி!

கொழுவினா லிங்க் லைற் எரியுது, சின்ன ஃபைல் போகுது, கொஞ்சம் பெரிசை அனுப்பினாத் தொங்குது. பிறகு தொடர்பே விழுது, தானா வருது. வேகத்தை 10 மெகாபிற்றில வைச்சா ஓடுது, 100க்கு மாத்தினா விழுது. சேர் ரெண்டு நாள் அந்த லைப்ரரி மெஷினோட மல்லுக்கட்டினார், நெற்வேர்க் கார்ட்டை மாத்தினார், கேபிள் எல்லாம் வந்து சேருற சுவிச்சுப் பெட்டியில இடம் மாத்தினார், விண்டோஸைத் திரும்பப் போட்டார். இடையில கரண்ட் போகும், ஜெனரேற்றர் போடும்வரைக்கும் வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு இருட்டுக்க இருப்பார். கேபிள் சரியோ எண்டு ரெண்டு தரம் கேட்டார், ரெண்டு தரமும் ரெஸ்ற் பண்ணினது சேர் எண்டு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னனாங்கள். மூண்டாம் நாள் தானே ஏணியில ஏறி முனையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தார், கொனெக்டர் கண்ணாடி மாதிரித்தானே, நிறம் வெளியால தெரியும். கீழ இறங்கி என்னைப் பாத்தவர். அடிப்பார் எண்டுதான் நினைச்சனான்.

"தம்பி, நல்லூர்த் தேருக்கு நீயும் இவனும் கையைக் கோத்துக்கொண்டு போறியள். சனம் ஒரு பக்கத்தால தள்ளுது. என்ன நடக்கும்?"

ரெண்டு பேரும் சேந்துதான் தள்ளுப்படுவம் சேர்.

"உங்களுக்கிடையில இருக்கிற தூரம்?"

மாறாது சேர்.

அதுதான் முறுக்கு எண்டார். செய்தி ஒரு கம்பியில போறேல்லை, சோடியில போகுது, மற்றப் பக்கம் பாக்கிறது ரெண்டு கம்பிக்கும் இடையில இருக்கிற வித்தியாசத்தைத்தான். வெளியால வாற இரைச்சல் ரெண்டிலயும் ஒரே அளவா விழுந்தா வித்தியாசத்தில அடிபட்டுப் போயிடும். 1ம் 2ம் ஒரு சோடி, 3ம் 6ம் மற்றச் சோடி, 100 வேகத்துக்கு இந்த நாலு கம்பிதான் வேலை செய்யுது. நாங்கள் என்ன செய்தனாங்கள்? 3இல பச்சையின்ர ஒரு கம்பி, 6இல நீலத்தின்ர ஒரு கம்பி. தேரடியில ஒருத்தன்ர கையை வேற ஆளிட்டக் குடுத்த மாதிரி. ரெஸ்ரருக்கு இந்தமுனைக் கம்பி அந்தமுனைக்குப் போய்ச் சேருதோ எண்டு மட்டும்தான் தெரியும், ஆரோட சேர்ந்து போனதெண்டு தெரியாது. அதுக்குப் பேர் split pair, பிரிஞ்ச சோடி. இஞ்ச லட்சக்கணக்கான பெறுமதி சாமானுக்குப் பக்கத்தில நிண்டும் இந்தப் பிழையை ஆக்கள் விடுறதை நான் கண்டிருக்கிறன்.

அப்ப ஏன் சேர் நீலத்தை நடுவில வைச்சவங்கள், பச்சையைப் பிரிக்காமல் விட்டிருக்கலாமே எண்டு கேட்டன். தெரியாது எண்டார். வாத்தியார் ஒராள் வகுப்புக்கு முன்னால நிண்டு தெரியாது எண்டு சொன்னதை நான் முதல் தரம் கேட்டது அண்டைக்குத்தான். ரெண்டு கிழமை கழிச்சு, நெற் கபேயில காசு குடுத்திருந்து தேடி, ஒரு கொப்பித் தாளில எழுதிக்கொண்டு வந்தார். ரெலிபோன் வயரில லைன் வாறது நடுவில இருக்கிற ரெண்டு கம்பியில, அதோட ஒத்துப்போகத்தான் நீலச் சோடியை நடுவில 4, 5இல வைச்சது, மற்றச் சோடி அதுக்கு ரெண்டு பக்கமும் ஒதுங்கி நிக்குது.

கொனெக்டர் ரெண்டு வீணாப் போனதுக்குத் தண்டனை, நானும் மற்றவனும் ஒரு கிழமை லாப் கூட்டினது. ரெண்டு மெஷினை நேராக் கொழுவுறதுக்குக் கம்பி மாத்தி அடிக்கிற குறோஸ் கேபிள் அடிச்சது, அதால ரெண்டு மெஷினைக் கொழுவி விளையாட்டு விளையாடிப் பிடிபட்டது, அதெல்லாம் எலி எழுதட்டும். இப்ப வாற சாமான் தானே பாத்து மாத்திக்கொள்ளுது, குறோஸ் எண்டு ஒண்டு இருந்ததே இஞ்சத்தைப் பெடியளுக்குத் தெரியாது. கொனெக்டரும் முன்பக்கம் ஓட்டையோட வருது, கம்பியை முழுக்க வெளியால இழுத்துப்போட்டு அமத்த அதுவே வெட்டிவிடும். வசதிதான், இல்லையெண்டு சொல்லேல்லை. எனக்கெண்டா அது பரீட்சையில பாத்து எழுதின மாதிரி.

சேர் இப்ப பென்சன். போன வருசம் வட்ஸ்அப்பில வீடியோ கோல் எடுத்து, நான் வேலை செய்யிற இடத்தில புதுசாக் கட்டின ராக்கை, கேபிள் எல்லாம் வந்து சேருற இரும்புச் சட்டத்தை, காட்டினன், 48 கேபிள், கொஞ்சம் பெருமையாத்தான். கண்ணாடியைக் கழட்டிப்போட்டு போனை மூக்கோட பிடிச்சுப் பாத்தார். கனநேரம் ஒண்டும் சொல்லேல்லை.

"மேல் வரிசை, இடப்பக்கத்தில இருந்து மூண்டாவது. ஏன் தம்பி அதை அப்பிடி மடிச்சுக் கட்டியிருக்கிறாய்?"

கோலை வைச்சுப்போட்டு ஏணியை இழுத்துக்கொண்டு போய் அதை அவிட்டன்.