கதைத்துக்கொண்டே போகக்கூடிய வேகம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒஸ்லோவின் ஐந்தாம் இலக்க நிலக்கீழ் ரயிலில் ஏறினால் பெட்டி முழுக்க முதுகுப் பைகள்தான். அந்தப் பாதையின் ஒரு முனை சொங்ன்ஸ்வான் ஏரி. இறங்கியதும் காடு தொடங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் இதே பெட்டியில் பனிச்சறுக்குக் கட்டைகளை நிமிர்த்திப் பிடித்தபடி நிற்பார்கள், எழுபது தாண்டியவர்களும்தான். நோர்வேயில் ஞாயிறு என்றால் பெரிய கடைகள் பூட்டு, நூறு சதுர மீற்றருக்குக் குறைந்த சின்னக் கடைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேறு போக்கிடம் இல்லாமல்தான் இந்தச் சனம் காட்டுக்குப் போகிறதாக்கும் என்று வந்த புதிதில் நாங்கள் பகிடி பண்ணுவோம்.

நான் யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து இங்கே வந்தவள். குரூருட் பள்ளத்தாக்கில் அடுக்குமாடி வீடு, முதியோர் இல்லத்தில் வேலை. இங்குள்ள தமிழ்ப் பெண்கள் பலருக்கு முதியோர் பராமரிப்பு, துப்புரவு, சிறுவர் பள்ளி என்று உடம்பால் செய்யும் வேலைதான். எண்பதுகளில் வந்தவர்கள் பலர் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிருக்குள் நின்று நாரியைக் கெடுத்துக்கொண்டு, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கியவர்கள். என் கணவருடைய அக்கா, என் மச்சாள், அப்படி வந்தவர்தான்.

குடும்ப டொக்டர் எனக்குச் சீனி எல்லையில் நிற்கிறது, உடற்பயிற்சி செய்யவேணும் என்று சொன்னார். மச்சாளிடம் சொன்னேன். "என்ன பிள்ளை, நாள் முழுக்க வேலையில ஓடித் திரியிறம். பிறகென்ன தனியா ஒரு எக்ஸசைஸ்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி லேசுப்பட்டதல்ல. ஒரு காலை வேலை முடியும்போது காலில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆனால் இதே கேள்வியை டென்மார்க்கில் சில ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கிளறி வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சி இதயத்துக்கு நல்லது. வேலையில் செய்யும் கடும் உடலுழைப்போ அந்த நன்மையைத் தருவதாகத் தெரியவில்லை, சில ஆய்வுகளில் கெடுதலோடு சேர்ந்தே வருகிறது. அவர்கள் சொல்லும் காரணம் எங்களுக்கு ஆய்வில்லாமலே தெரிந்ததுதான். வேலையில் அசைவு மணிக்கணக்காக நீள்கிறது, இதயம் பலப்படும் அளவுக்கு அது வேகமானதும் இல்லை. குனிதல், தூக்குதல், ஒரே நிலையில் நிற்றல். எப்போது இளைப்பாறுவது என்பது எங்கள் கையில் இல்லை. நாளைக்கும் அதே வேலை. இதைக் கேட்டுவிட்டு மச்சாள், "அப்ப வேலையை விடட்டோ?" என்றார். நல்ல கேள்வி, பதில் என்னிடம் இல்லை.

சீனி வியாதி எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. ஒஸ்லோவில் குடியேறியவர்களிடையே நடந்த ஆய்வுகளில் தெற்காசியர்களிடம் நீரிழிவு நோர்வேக்காரரைவிடப் பல மடங்கு கூடவாக இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கிலேயே, ரூம்ஸோஸ் என்ற குடியிருப்பில், 2000ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நடைக் குழு, பயிற்சிக் குழு என்று வைத்து மூன்று ஆண்டுகள் ஆட்களை அசைய வைத்து, பக்கத்து ஃபுருசெட் மக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போது நான் நாட்டிலேயே இல்லை. ஆனால் அந்த நடைக் குழுக்களில் போன அன்ரிமார் சிலர் இன்னும் சோடி சோடியாகப் பின்னேரத்தில் நடப்பதைப் பார்க்கலாம், அரட்டை சத்தம் முன்னே வர ஆட்கள் பின்னே வருவார்கள்.

அளவு பற்றி நோர்வே சுகாதார இயக்ககம் சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அல்லது அதில் பாதி நேரம் கடுமையாக, அதோடு இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. சிக்கல் அதை எந்த நாளில் வைப்பது என்பதில்தான். எங்கள் ஷிப்ட் அட்டவணையில் இரவு பத்து மணிக்கு முடிந்து மறுநாள் காலை ஏழரைக்குத் தொடங்கும் நாட்கள் உண்டு. தொழிற்சட்டப்படி இரண்டு வேலைக்கு நடுவே 11 மணிநேர இடைவெளி வேண்டும். தொழிற்சங்கத்தோடு உடன்பாடு இருந்தால் அதை 8 வரை குறைக்கலாம். பராமரிப்புத் துறையில் அந்த விலக்கே வழக்கமாகிவிட்டது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆகும். ஐந்தரைக்கு எழும்ப வேணும். பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 முதல் நோர்வே தாதியரைத் தொடர்ந்து பார்த்து, இந்தக் குறுகிய இடைவெளிகள் கூடக்கூட நித்திரைக் குறைவும் களைப்பும் கூடுவதைக் காட்டியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நாளில் பின்னேரம் ஜிம்முக்குப் போவது என்ன பலனைத் தரும்? தசை பலப்படுவது பாரம் தூக்கும் நேரத்தில் அல்ல. தூக்கும்போது அது களைத்து, நுண்ணிய அளவில் சேதமாகிறது. திருத்த வேலை அதன் பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள் என்று நடக்கிறது. பழக்கமில்லாத பயிற்சியின் நோவு செய்த அன்று பெரிதாகத் தெரியாது, இரண்டாம் நாள்தான் படியிறங்க விடாது. அந்த இரண்டாம் நாளில் தொண்ணூறு கிலோ மனிதரைக் கட்டிலில் புரட்ட வேண்டியிருந்தால் நாரி என்ன சொல்லும் என்று இந்தத் துறையில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகவே என் அட்டவணையை ஷிப்ட் அட்டவணைக்கு மேல் வைத்துத்தான் எழுதினேன். முதலில் ஓய்வு நாட்களைக் குறித்தேன், மிச்சத்தில் பயிற்சி. ஜிம்மில் இருந்த பயிற்றுநர் பெடியன் இதைத் தலைகீழாகச் செய்யச் சொன்னான். அவனுக்கு இருபத்தைந்து வயது, வேலை அந்த ஜிம்மிலேயே.

வேகம் பற்றிச் சொல்லித் தந்தவர் என்னோடு வேலை செய்யும் ஒரு நோர்வேக்காரி, ஓய்வூதியத்துக்குக் கிட்டவாக நிற்பவர். எங்கள் ஊரில் பெண் பிள்ளை ஓடுவது என்றால் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில்தான். வெடிச் சத்தம் கேட்டதும் தலைதெறிக்க ஓடுவது, முடிந்ததும் உள்ளங்கையில் குளுக்கோஸ் வாங்கி நக்குவது. நடுவில் ஒரு வேகம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. இந்த மனுசி என்னை லில்லோமார்க்கா காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், ஏற்றத்தில் நடந்தபடியே பேரப்பிள்ளைகளின் கதையைக் கேட்கத் தொடங்கினார். எனக்கு மூச்சு வாங்கி வசனம் முறியும் இடத்தில் அவர் வேகத்தைக் குறைத்தார். இப்படித்தான், முழு வசனம் கதைக்க முடியாத வேகம் இன்றைக்கு வேண்டாம் என்றார். நோர்வே மொழியில் முழு வசனம் கதைப்பதே எனக்கு மூச்சு வாங்கும் வேலை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இது வயதானவர்களுக்கான சலுகை என்று நினைக்க வேண்டாம். குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கம் எடுத்த பனிச்சறுக்கு வீராங்கனை மாரிட் பியோர்கனின் பயிற்சிக் குறிப்புகளை நோர்வே ஆய்வாளர்கள் 2017இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் ஆண்டுக்கு 900 மணிநேரத்துக்கு மேல் பயிற்சி செய்திருக்கிறார். நீடித்து ஓடும், சறுக்கும் பயிற்சியில் பத்தில் ஒன்பது பங்கு மெதுவானது. கடுமையானது கொஞ்சம்தான், ஆனால் அது உண்மையில் கடுமையானது. எங்களில் பலர் செய்வது இரண்டுக்கும் நடுவில்: தினமும் அரைக் களைப்பு, எந்த நாளும் முழு ஓய்வில்லை, எந்த நாளும் முழு முயற்சியும் இல்லை.

கடும் பயிற்சிக்கு இந்த நாட்டில் ஒரு பிரபலமான முறை உண்டு, துரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து பரப்பியது. நான்கு நிமிடம் வேகமாக, இதயத் துடிப்பு உச்சத்தின் 85 முதல் 95 சதவீதம் வரும்வரை. பிறகு மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு தடவை. எனக்கு ஓடத் தேவையில்லை, எங்கள் வீட்டுப் பின்புற ஏற்றத்தில் விரைந்து நடந்தாலே அந்த அளவு வந்துவிடுகிறது. இது கிழமைக்கு ஒரு தடவை, அடுத்த நாள் வேலை இல்லாத நாளில். இன்னொரு நாள் தசைக்கு. மிச்சம் காட்டுநடை. இரவு முடித்து விடிய வேலைக்குப் போகும் நாளில் ஒன்றுமே இல்லை, அந்தப் பின்னேரம் போர்வைக்குள்தான்.

போர்வைக்குள் என்றால் நித்திரை. கைப்பேசியோடு சோபாவில் படுத்து ஊர்ப் புதினம் பார்ப்பதும், மச்சாளோடு ஒரு மணிநேரம் வட்சப்பில் கதைப்பதும் இதில் சேராது. மச்சாளுக்கு அதில் கோபம்.

குளிர்காலம் வேறு கணக்கு. டிசம்பரில் பகல் ஆறு மணிநேரம், அதுவும் மங்கல். வேலைக்குப் போவதும் இருட்டு, வருவதும் இருட்டு. எந்தத் தோலுக்கும் இந்தச் சூரியன் விற்றமின் டி தராது என்பதால் இங்குள்ளவர்கள் போல நாங்களும் கொட் மீன் எண்ணெய் ஒரு கரண்டி குடிக்கிறோம். நாற்றத்துக்குப் பின்னால் ஒரு கடி தோடம்பழம். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ஆணிப் பட்டி இல்லாமல் உறைபனியில் நடக்கக் கூடாது, விழுந்து கை முறிந்து வருடத் தொடக்கத்தில் விடுப்பில் நின்ற தமிழரை எல்லோருக்கும் தெரியும். பனிச்சறுக்குக் கட்டை வாங்கக் காசு செலவழிக்கவும் அவசரப்பட வேண்டாம். பூவா என்ற பெயரில் இயங்கும் நிலையங்கள் விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் தருகின்றன. பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் கேட்பதில்லை. காட்டுப் பாதைகளில் பலவற்றுக்கு மாலையில் மின்விளக்கு உண்டு, ஆகவே இருட்டைச் சாட்டுச் சொல்லவும் முடியாது.

எல்லாவற்றையும் ஒருமாதிரிச் சமாளிக்கலாம், சனிக்கிழமை இரவைத் தவிர. பிறந்தநாள், சாமத்திய வீடு, கலியாண நாள், வீடு குடிபூரல் என்று ஒஸ்லோத் தமிழருக்கு மண்டபம் ஓய்வதில்லை. போகாவிட்டால் கோபம், போனால் நடுச்சாமம். இப்போது மச்சாளும் ஞாயிறு நடைக்கு வருகிறார், தன் நிபந்தனைகளோடு: ஏற்றம் வேண்டாம், பிளாஸ்கில் தேத்தண்ணி வேணும், விழாவுக்கு மறுநாள் என்றால் பதினொரு மணிக்கு முன்னால் கதவைத் தட்டக் கூடாது. எனக்குச் சம்மதம். அழைப்பிதழில் ஆறு மணி என்று அடித்துவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பாட்டைத் திறப்பவர்களிடம் கதைக்கும் பொறுப்பை அவரே எடுத்திருக்கிறார். அடுத்த மாதம் இரண்டு அழைப்பு வந்திருக்கிறது, பார்ப்போம்.