மூன்றாம் நிலைப் பிழையும் நான்காம் நிலை எச்சரிக்கையும்

நான் பராமரிக்கும் கல்லூரி நெட்வொர்க்கில் ஒரு திங்கட்கிழமை காலை, கணினி ஆய்வகம் இருக்கும் மாடி முழுவதும் முடங்கிப்போனது. மேசைக்கடியில் கிடந்த மலிவான சிறிய ஸ்விட்ச் (பல கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) ஒன்றிலிருந்து இரண்டு கேபிள்களை இரண்டு சுவர் சாக்கெட்டுகளில் யாரோ செருகியிருந்தார்கள். இதனால் தரவு முடிவின்றிச் சுழலும் ஒரு சுற்று உருவானது. இத்தகைய சுற்றுகளைக் கண்டறிய ஸ்விட்சுகள் பரிமாறிக்கொள்ளும் ஸ்பேனிங் ட்ரீ தகவல்களை அந்தப் பெட்டி கடத்தாததால், எங்கள் சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்சால் அதைத் தடுக்க முடியவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

தாமதத்துக்குக் காரணம் நானேதான். ஸ்விட்ச் தன் நிகழ்வுகளை எழுதிவைக்கும் லாகில் தேவையற்ற செய்திகள் குவிகின்றன என்று எண்ணி, பஃபர் எனும் அதன் உள் நினைவகத்தில் எவை பதிய வேண்டும் என்று சொல்லும் 'லாகிங் பஃபர்டு எரர்ஸ்' என்ற கட்டளையை முன்பு ஒருநாள் கொடுத்து வைத்திருந்தேன். இத்தகைய செய்திகளுக்கான பொது முறையான சிஸ்லாகில் தீவிர நிலைகள் 0 முதல் 7 வரை உண்டு. எண் குறையக் குறையத் தீவிரம் கூடும். ஒரு நிலையைக் குறிப்பிட்டால், அதுவும் அதைவிடத் தீவிரமானவையும் மட்டுமே பதிவாகும். 'எரர்ஸ்' (பிழைகள்) என்பது 3, எச்சரிக்கைகள் 4. பிழைகள் மட்டும் போதும், எச்சரிக்கைகள் வேண்டாம் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு மாணவர் கணினியை அணைத்தால் வரும் 'லிங்க்-3-அப்டவுன்' செய்தி 3ஆம் நிலையைச் சேர்ந்தது. ஒரே மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) இரண்டு போர்ட்டுகளுக்கிடையே தாவுகிறது என்று சொல்லி, சுற்று இருக்கும் இடத்தையே காட்டிக்கொடுக்கும் 'மேக்ஃப்ளாப்' செய்தியோ 4ஆம் நிலை. டூப்ளெக்ஸ் பொருந்தாமையும் (கேபிளின் இரு முனைகளும் வெவ்வேறு அனுப்பும் முறையில் இருப்பது), ஒரு போர்ட் எரர்-டிசேபிள் நிலைக்குப் போனதும்கூட (பிழை கண்டு ஸ்விட்சே அதை அணைத்துவிடுவது) 4ஆம் நிலையில்தான் வருகின்றன. ஆக, குப்பையை வைத்துக்கொண்டு நெல்மணியைக் கொட்டிவிட்டேன். பஃபரின் இயல்பான அளவு 4096 பைட். நாற்பது, ஐம்பது வரிகளில் அது நிரம்பி, பழைய செய்திகளின் மேல் புதியவை எழுதப்பட்டுவிடும். அன்று அதில் எஞ்சியிருந்தவை எல்லாம் கணினிகள் எழுந்ததும் உறங்கியதும்தான்.

இரைச்சலை நிலையால் அல்ல, போர்ட்டால் குறைக்க வேண்டும் என்பதே என் இப்போதைய முடிவு. பயனர் கணினிகள் இணைந்த போர்ட்டுகளில், இணைப்பு எழுவதையும் விழுவதையும் பதியாதிருக்க, 'நோ லாகிங் ஈவென்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்' என்று கொடுத்தேன். பிற ஸ்விட்சுகளோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட்டுகளை மட்டும் தொடவில்லை, ஏனெனில் அங்கே இணைப்பு விழுந்தால் அது உண்மையிலேயே செய்திதான். பஃபரை 64000 பைட்டாக உயர்த்தி, நிலையை 'இன்ஃபர்மேஷனல்' ஆக்கினேன். செய்திகளை வெளியே சேகரித்துவைக்கும் சிஸ்லாக் சர்வருக்கும் அதே 6ஆம் நிலை வரை அனுப்புகிறேன். சர்வர் இருக்கும்போது உள்ளே பெரிய பஃபர் எதற்கு என்று உடன் பணிபுரிபவர் கேட்டார். வழக்கமான சிஸ்லாக், யுடிபி என்ற அனுப்பும் முறையில் 514 என்ற எண் வழியாக, ஒப்புகை ஏதும் எதிர்பாராமல் போகிறது. நெட்வொர்க்கே திணறும் நேரத்தில், அதாவது நமக்கு லாக் மிகவும் தேவைப்படும் நேரத்தில், வழியில் தொலைந்த செய்தியை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

ஸ்விட்சோடு நேரடியாகக் கம்பியால் இணைக்கும் கான்சோலுக்குப் போகும் செய்திகளை 'கிரிட்டிக்கல்' (2ஆம் நிலை) அளவுக்குச் சுருக்கிவிட்டேன். 9600 பாட் என்ற மெதுவான வேகத்தில் ஓடும் அந்தக் கம்பியில் செய்தி வெள்ளம் புகுந்தால் சிபியுவும் சேர்ந்து தவிக்கும். எஸ்எஸ்எச் வழியே (நெட்வொர்க் மூலம் தொலைவிலிருந்து) உள்ளே வருபவர்கள் 'டெர்மினல் மானிட்டர்' கொடுத்தால்தான் செய்திகள் திரையில் வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கடிகாரத்தையும் அன்றுதான் கவனித்தேன். என்டிபி (நெட்வொர்க் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) அமைக்காத அந்த ஸ்விட்ச், தான் 1993 மார்ச் 1ஆம் தேதியிலிருந்து எண்ணி வந்த நேரத்தை, நம்பத்தக்கதல்ல என்பதற்கு அடையாளமான நட்சத்திரக் குறியோடு ஒவ்வொரு வரியிலும் அச்சிட்டிருந்தது. இப்போது என்டிபியும் நேர மண்டலமும் அமைத்து, மில்லிசெகண்டு வரை நேரம் பதியச் செய்திருக்கிறேன்.

மாற்றங்களைச் சோதிக்க, மாலையில் ஆய்வகம் காலியானபின் அதே மலிவுப் பெட்டியை அதே இரண்டு சாக்கெட்டுகளில் நானே செருகினேன். சற்று நேரத்தில் இரண்டு போர்ட் எண்களுடன் மேக்ஃப்ளாப் செய்தி வந்தது. கேபிளைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.